எதிரெதிராகப் பேசும் பழமொழிகளில் எதைக் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கையில் இருக்கும் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு எடுத்தீர்கள். மாமா “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்றார். அம்மா “இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகாதே” என்றார். அண்ணன் “பதறாத காரியம் சிதறாது” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். மூன்றும் கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. மூன்றையும் சேர்த்துவைத்தால் ஓரடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. அப்படியானால் மனித இயல்பைப் பற்றியும் அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் பெரியவர்கள் சொல்லிவைத்த இந்த வாசகங்களால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு என்று நம்புகிறேன். எத்தனையோ தடவை தப்பாகப் பயன்படுத்தி, பிறகு கொஞ்சம் புரிந்துகொண்டவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

படகு ஒரு பக்கம் சாயும்போது “எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள்” என்று கத்துவார்கள். அடுத்த நிமிடம் மறுபக்கம் சாய்ந்தால் அதே ஆள் நேர் எதிராகக் கத்துவார். அவர் முன்னுக்குப் பின் பேசுகிறார் என்று யாரும் சொல்ல மாட்டோம். பழமொழியும் அப்படித்தான், சாய்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்குச் சொல்வது. தயங்கித் தயங்கியே காலத்தைக் கழிப்பவருக்கு ஒன்று, முன்பின் பாராமல் குதிப்பவருக்கு இன்னொன்று. நாம் அந்த ஆளையும் அந்த நேரத்தையும் கழற்றி எறிந்துவிட்டு வாசகத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறோம். முரண்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

1874இல் பீட்டர் பெர்சிவல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. ஆறாயிரம் வாசகங்கள் ஒரே குரலில் பேச வாய்ப்பே இல்லை. ஏமாந்தவர் சொன்னது, ஏமாற்றியவர் சொன்னது, மாமியார் சொன்னது, மருமகள் சொன்னது எல்லாம் அதில் இருக்கும். தொல்காப்பியம் ‘முதுமொழி’ என்றால் என்ன என்று சொல்லுமிடத்தில் நுண்மை, சுருக்கம், ஒளி என்று அதன் குணங்களை அடுக்கிவிட்டு, “குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது” என்கிறது. அதாவது, பேசிக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று முதலில் இருக்க வேண்டும். அதை முடித்துவைக்க வரும் காரணம்தான் முதுமொழி. பழமொழி நானூறும் அந்த வழியில்தான் போகிறது. அதைப் பாடிய முன்றுறை அரையனார் பழமொழிகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு நிலைமையைச் சொல்லி, அதன்மேல் பழமொழியைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். பைபிளில் நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனம் மூடனுக்கு அவன் போக்கிலேயே பதில் சொல்லாதே என்கிறது. ஐந்தாம் வசனம் பதில் சொல் என்கிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகள். தொகுத்தவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எந்த மூடன், எந்த நேரம் என்பதைக் கேட்பவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

உங்கள் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும் குறள் ஒன்று இருக்கிறது. 672:

“தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை.”

இங்கே தூங்குவது என்றால் உறங்குவது இல்லை, தாமதிப்பது. தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்துச் செய். தாமதிக்கக் கூடாததைத் தாமதிக்காதே. முதலில் படித்தபோது இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கடந்துபோய்விட்டேன். பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. ‘அவசரப்படு’, ‘பொறு’ என்ற இரண்டு அறிவுரைகளையும் வள்ளுவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, காரியத்தைப் பார் என்று நம் முகத்தைத் திருப்பிவிடுகிறார். நம்முடைய குணம் எது என்பது அங்கே கணக்கில் வரவில்லை. நான் நிதானமான ஆள், நான் துணிச்சலான ஆள் என்று சொல்லிக்கொண்டு எல்லாக் காரியத்தையும் ஒரே வேகத்தில் செய்கிறோமே, அதைத்தான் தடுக்கிறார்.

எந்தக் காரியம் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் வைத்திருக்கும் வழி இது. தள்ளிப்போடும் நாட்களில் எனக்குப் புதிதாக ஏதாவது தெரியவருகிறதா, அல்லது பயம் மட்டும் வளர்கிறதா என்று பார்ப்பேன். கோபத்தோடு எழுதிய கடிதத்தை ஓர் இரவு வைத்திருந்தால் காலையில் பாதி வரிகளை நானே அடிக்கிறேன். அது தூங்கிச் செய்ய வேண்டிய வினை. உடம்பில் ஒரு கட்டி தெரிகிறது, மருத்துவரிடம் காட்ட நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிறேன் என்றால் அந்த நாட்களில் எனக்கு எதுவும் புதிதாகத் தெரிவதில்லை, நெஞ்சு படபடப்பது மட்டும் கூடுகிறது. அது தூங்காமல் செய்ய வேண்டியது.

பொறுமை விஷயமும் இதே போல இரண்டு பக்கம் இழுக்கும். “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே மக்கள்தான் “குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மூடன்” என்றும் சொன்னார்கள். இரண்டாவதில் எனக்குப் பிடித்தது, குட்டு வாங்குகிறவனை மட்டும் திட்டாமல் குட்டுகிறவனையும் சேர்த்துப் பிடிப்பது. கொடுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய் முதல் பழமொழியைச் சொல்லாதீர்கள். எத்தனை பெண்களை அந்த ஒரு வரி வாயடைத்து வைத்திருக்கிறது என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

எதிர்ப் பழமொழி இல்லாத இடங்களும் உண்டு. நாக்கைப் பற்றி அப்படி. சுடுசொல் நல்லது, தாராளமாகப் பேசு என்று யாரும் சொல்லிவைத்து நான் கேட்டதில்லை.

“தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.”

பள்ளியில் மனப்பாடம் செய்த குறள்தான். ஆனால் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். தீ சுட்டதைப் ‘புண்’ என்கிறார், நாக்கு சுட்டதை ‘வடு’ என்கிறார். புண் என்றால் பச்சையாக இருப்பது, வலிப்பது, அதனாலேயே ஆறக்கூடியது. வடு என்பது எல்லாம் ஆறிய பிறகும் நின்றுவிடும் தழும்பு. பேச்சால் பட்ட காயம் வெளியே ஆறிப்போனதாகத் தெரியும். சிரித்துப் பேசுவார்கள், விசேஷங்களுக்கு வருவார்கள். தடவிப் பார்த்தால் அது அங்கேயே இருக்கும்.

எனக்குத் தெரிந்த குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர் பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள். சொத்துத் தகராறு என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தம்பி மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல், மேலே பார்த்துக்கொண்டு, நான் எதுவும் கேட்காமலே, அண்ணன் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னார். “நீ பொறக்காம இருந்திருந்தா அப்பா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்.” அண்ணனுடைய குரலின் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொன்னார். எந்த இடம், எத்தனை பங்கு, யார் கையெழுத்துப் போட மறுத்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, சரியாக ஞாபகம் இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஔவையாரின் மூதுரையில் வரும் வெண்பா. கோபத்தால் பிரிந்தவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். கயவர்களின் கோபம் கல் பிளந்தது போல, திரும்ப ஒட்டாது. அடுத்த வகையினரின் கோபம் பொன் பிளந்தது போல. சான்றோர் கோபம் வில்லைப் பிடித்து “நீர்கிழிய எய்த வடுப்போல” உடனே மாறிவிடும். அம்பு போன தடத்தைத் தண்ணீரில் தேடினால் கிடைக்காது. வள்ளுவர் வடு ஆறாது என்ற இடத்தில், ஔவை ஆறும் வடு ஒன்றைக் காட்டுகிறார் பாருங்கள். சுட்டவரின் பக்கம் நின்று வள்ளுவர் எச்சரிக்கிறார்: நீ சொன்னது ஆறாது. சுடப்பட்டவரின் பக்கம் நின்று ஔவை கேட்கிறார்: உன் மனம் கல்லா, பொன்னா, தண்ணீரா? இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னால் அநியாயமாகிவிடும். காயப்பட்டவரிடம் போய் “தண்ணீர் மாதிரி இரு” என்று காயப்படுத்தியவரே சொல்லக் கூடாது.

நடுவில் வரும் பொன்தான் நம்மில் பெரும்பாலோர் என்று நினைக்கிறேன். பொன் தானாக ஒட்டாது, ஆனால் யாராவது எடுத்துச் சூடு காட்டிச் சேர்த்தால் சேரும். அந்த மருத்துவமனை அறைக்கு மூன்றாம் நாள் தம்பியின் மகள் தன் பெரியப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அவர் கட்டிலுக்குக் கிட்டே வராமல் ஜன்னல் பக்கமே கொஞ்ச நேரம் நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. அப்புறம் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மனிதர்களை எடைபோடுவதைப் பற்றி நிறைய வாசகங்கள் உண்டு. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்”, “தன் முதுகு தனக்குத் தெரியாது” என்று கேட்டிருப்பீர்கள். எல்லாம் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன: நம் தவறுக்குக் காரணம் இருக்கும், அடுத்தவர் தவறுக்குக் குணம்தான் காரணம் என்று நினைப்போம். நான் தாமதமாக வந்தால் சாலை நெரிசல். நீங்கள் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர். 190ஆம் குறள் இதற்கு மருந்தும் சொல்கிறது, அயலார் குற்றத்தைப் பார்ப்பது போலத் தன் குற்றத்தையும் பார்த்தால் தீது உண்டோ என்று.

ஆனால் தினசரி வாழ்க்கையில் எனக்கு அதிகம் கைகொடுத்தது 504:

“குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள்
மிகைநாடி மிக்க கொளல்.”

ஒருவரிடம் குற்றமே இருக்காது என்ற எதிர்பார்ப்பு இந்தக் குறளில் கிடையாது. இரண்டும் இருக்கும் என்றே தொடங்குகிறது. எது மிகுதி என்று பார், அதைக்கொண்டு முடிவு செய். நண்பர் ஒருவர் கடன் வாங்கினால் திருப்பித் தர மறப்பார், ஆனால் நள்ளிரவில் கூப்பிட்டாலும் வந்து நிற்பார். இந்தக் குறளைப் படிக்காமல் இருந்திருந்தால் முதல் விஷயத்துக்காகவே அவரை வெட்டிவிட்டிருப்பேன். இன்றைக்கு அவருக்குக் கடன் கொடுப்பதில்லை, நள்ளிரவில் கூப்பிடத் தயங்குவதும் இல்லை.

சரி, இப்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்று. பழமொழியின் ஓசை நம்மை ஏமாற்றும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதிகம் புழக்கத்தில் இல்லாத பொன்மொழிகளை எடுத்துக்கொண்டு, ஓசை இயைபோடு இருந்ததையும், அதே பொருளை ஓசை இல்லாமல் மாற்றி எழுதியதையும் காட்டி, மனித நடத்தையை இது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஓசையோடு இருந்ததே அதிக உண்மையாகப் பட்டது. சொல்லழகை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் பாருங்கள் என்று எச்சரித்தபோது அந்த வித்தியாசம் குறைந்தது. எதுகையும் மோனையும் நாக்கிலேயே ஊறிய நமக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை.

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டில், சுடுகாடு என்று இரண்டு ஓரங்களையும் இழுத்துக் கட்டிவிடுகிறது, மறுத்துப் பேச இடமே இல்லாதது போல இருக்கிறது. சிறு குழந்தையை வளர்ப்பவருக்குச் சொன்னால் அது நல்ல எச்சரிக்கை. நாற்பது வயதில் குடியை விட முயல்பவரிடம் சொன்னால் அது பொய், கொடுமையும்கூட. விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டியது ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல்: “சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம், வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்”. பழக்கம்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது என்றால், அவிழ்ப்பதும் இன்னொரு பழக்கம்தானே. அந்தப் பாடல் “நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்” என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கொடுக்கத் தெரியாமல் வளர்ந்து, கொடுப்பவர் ஒருவரோடு பல வருடம் வாழ்ந்து, மெல்லக் கை திறந்தவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் வாக்கோடு இப்படி மாறுபடலாமா என்று கேட்டால், “எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்” மெய்ப்பொருள் காணச் சொன்னதும் அவர்கள்தானே.

யார், யாருக்கு, எப்போது சொல்வது என்பதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். நெருங்கிய நண்பனுக்கு வேலை போன அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். கழுத்திலிருந்து கழற்றிய அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தான். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. “விடுடா, எல்லாம் நன்மைக்கே” என்றேன். சுற்றுவது நின்றது. “சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான். இரண்டு மாதம் அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்த வாசகத்தை அவனுக்காகச் சொல்லவில்லை, என் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொன்னேன். பல வருடம் கழித்து அவனே திரும்பிப் பார்த்து “எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது” என்று சொல்லியிருந்தால் அதே வாசகம் உண்மையாக இருந்திருக்கும். அதைச் சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது, எனக்கு இல்லை.

அரிஸ்டாட்டில் பேச்சுக்கலையைப் பற்றிய நூலில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பொன்மொழி பேசுவது வயதானவர்களுக்குத்தான் பொருந்தும், அதுவும் தாங்கள் பட்டறிந்த விஷயத்தில் மட்டும். வயதைக்கூட விட்டுவிடலாம். பட்டறிவுதான் முக்கியம். நட்பைப் பற்றிய குறளில் வள்ளுவர் உவமைக்கு எடுத்துக்கொண்டதும் கையைத்தான், வாயை இல்லை. “உடுக்கை இழந்தவன் கைபோல”. ஆடை நழுவும்போது கை அறிவுரை சொல்வதில்லை, கேட்டுக்கொண்டு நிற்பதும் இல்லை, போய்ப் பிடித்துவிடுகிறது. அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து அடுத்த வேலைக்கான விண்ணப்பம் எழுத உதவியிருக்கலாம். எதுவும் பேசாமல் பக்கத்தில் இருந்திருந்தால்கூடப் போதும்.

இனி உங்கள் வேலை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பழமொழிகளில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள் நிலைமை எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் ஒன்று செய்யுங்கள். மாமா, அம்மா, அண்ணன் மூவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, “இது உங்களுக்கு எப்போது உண்மையானது?” என்று கேளுங்கள். வாதம் செய்யும் குரலில் கேட்க வேண்டாம், கதை கேட்கும் குரலில் கேளுங்கள். மாமா ஏதோ ஒரு வாய்ப்பை விட்டுவிட்டு வருந்தியவராக இருக்கலாம். சம்பளம் வராத மாதங்களை அம்மா கடந்துவந்திருக்கலாம். அந்தக் கதை தெரிந்தால், அவர்கள் சாய்ந்த பக்கமும் நீங்கள் சாயும் பக்கமும் ஒன்றுதானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அண்ணன் எதையும் பட்டுச் சொல்லவில்லை, பேச்சை முடிக்கத்தான் சொன்னார் என்றும் தெரியவரலாம்.

அம்மாவிடம் முதலில் கேளுங்கள். மூன்றில் அதிகப் பயத்தோடு சொல்லப்பட்டது அவருடையதுதான், அவர்தான் உங்களோடு ஒரே வீட்டில் இருந்து அதன் விளைவைச் சுமக்கப்போகிறவரும். புதிய இடத்துக்குப் பதில் சொல்ல இன்னும் பத்து நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூவரிடமும் பேசவும், அந்த நிறுவனத்தில் இப்போது வேலை செய்யும் ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரிக்கவும் அது போதும். விசாரித்து முடித்த பிறகும் புதிதாக எதுவும் தெரியவராமல் படபடப்பு மட்டும் கூடிக்கொண்டே போனால், பத்தாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.